மூன்று தரம் கேட்ட ரைட்டர்

போன வாரம் ஆடு மேய்த்துவிட்டு வந்ததும் சின்னவள் என்னிடம் கேட்டாள். "அப்பா, புல்லுக்காட்டுல ஒரு கல்லுல பதினாலுன்னு வெட்டியிருக்குது. தள்ளிப் போனா பதினஞ்சு, பதினாறு. கல்லுக்கு எதுக்கு நம்பரு?"

"அளவு பாக்கறதுக்குடி" என்று பெரியவன் முந்திக்கொண்டு சொன்னான். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்படி இருந்தது தப்பு என்று பிறகு மனசு உறுத்தியது. அதனால்தான் எழுதுகிறேன். நான் கீழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

பதினாலாம் நம்பர் கல் நிற்கிற இடத்தில்தான் நம் வீட்டு அடுப்பு இருந்தது. அங்கே ஊத்துவளவு என்று பதினொரு வீடு கொண்ட ஊர் இருந்தது. வீடுகளுக்கு நடுவில் ஊற்று. குடத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தால் நிறைந்துவிடும். அந்த ஊர் இல்லாமல் போனதைச் சொல்ல வேண்டுமானால், ஒரு மனிதரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வளவில் யாருக்குமே தெரியாது. மலைக்குக் கீழே போர்டு ஆபீசில் எழுத்து வேலை பார்த்தார். போர்டு என்றால், பத்துப் பதினைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோடு எங்கே வர வேண்டும், பாலம் எங்கே, சந்தை எங்கே என்று முடிவு செய்கிற சபை. மலைக்காரர் ஒருத்தரும் அதில் கிடையாது. எங்கள் குறைகளை எழுதிக்கொண்டு போக மாதம் ஒருமுறை அவர் மேலே வருவார். ரைட்டர் என்று கூப்பிடுவோம்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வருவார். முழங்காலில் துணி சுற்றியிருக்கும். கையில் கறுப்புக் குடை. மழை வந்தால் அந்தக் குடையை நோட்டுக்குத்தான் பிடிப்பார். ஆள் தொப்பலாக நனைந்து வந்து நிற்பார், நோட்டில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. மசிப்புட்டியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பார். எழுதி முடித்ததும் பேனா முள்ளைத் தலைமயிரில் துடைப்பார். வலது காதுக்கு மேலே நரைத்த மயிர் எப்போதும் நீலமாக இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம். எதிரில் இருப்பவர் வாயில் என்ன வந்ததோ அதை மட்டும் எழுதுவார். கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். எழுதியதும் வாசித்துக் காட்டுவார். "சரிதானுங்களா?" என்று கேட்பார். எதிராளி "சரிதானுங்க" என்று சொன்னால்தான் கைநாட்டு வாங்குவார்.

ஒரு வருஷம் ஓடைமேல் போர்டு போட்ட மரப்பாலம் உளுத்து ஒடிந்தது. ரைட்டர் வந்து பலாமரத்தடியில் உட்கார்ந்து எல்லோரிடமும் எழுதி வாங்கினார். என் தங்கை பாவாயி, நீங்கள் பார்த்திராத உங்கள் அத்தை, அப்போது பதினாறு வயசுக்காரி. விறகுக் கட்டோடு பாலத்தில் போனவள் கால் மாட்டிச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தது.

"இந்தப் பாலத்தப் போட்ட கையி அழுகிப் போக!" என்றாள்.

ரைட்டர் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. எழுதினார். வாசித்தார். "'இந்தப் பாலத்தைப் போட்ட கை அழுகிப் போக' என்று பாவாயி, வயது பதினாறு, சொல்கிறாள். சரிதானுங்களா?"

கூட்டம் சிரித்ததில் மரத்திலிருந்த காக்கை எழுந்து பறந்தது. பாவாயிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ சாமி, அத அடிச்சிருங்க!"

"சொன்னது சொன்னதுதான் கண்ணு. அடிக்கறதுக்கு எனக்கு உரிமையில்ல. வேணும்னா இன்னொண்ணு சொல்லு, அடுத்த வரியில எழுதறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படின்னா எழுதுங்க. கையி அழுக வேண்டாம். பாலம் வந்தாப் போதும்."

அதையும் எழுதி வாசித்தார். இரண்டு மாதத்தில் புதுப் பாலம் வந்தது. போர்டில் அந்த இரண்டு வரியையும் உரக்கப் படித்தார்களாம். பிரசிடெண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாராம். இதை ரைட்டரே சிரிக்காமல் எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்கு அவர்மேல் அசையாத நம்பிக்கை வந்துவிட்டது. பாவாயி எதிர்ப்பட்டால் மட்டும் அவர், "இன்னைக்கு யாரு கையிங்க கண்ணு?" என்று கேட்பார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஓடுவாள்.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. ஒருதரம் காட்டுப்பன்றி புகுந்து ஒருத்தர் சாமைக்காட்டையே புரட்டிவிட்டது. ரைட்டர் வரப்பில் நின்று முழுக்கப் பார்த்தார். காட்டுக்காரர், "என்னத்தச் சொல்லறது போங்க" என்றார். ரைட்டர் எழுதியது அவ்வளவுதான். "'என்னத்தைச் சொல்வது போங்கள்' என்கிறார்."

"நீங்கதான் கண்ணால பாத்தீங்களே, எழுதுங்க" என்று நான் சொன்னேன்.

"எங்கண்ணு போர்டு கண்ணு இல்லீங்க தம்பி. அவரு வாயில வரோணும்."

வரவில்லை. அந்த மனுவுக்குப் பதிலும் வரவில்லை. 

இப்போது எங்கள் வளவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் இந்தப் பக்கம் பிறந்தவர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். எங்களிடம் கூட்டத்தில் ஒன்றைக் கேட்டால், சம்மதிக்கிறவர்கள் "ஆகட்டுமுங்க" என்று வாய்விட்டுச் சொல்லித் தரையைத் தொடுவார்கள். சம்மதமில்லாதவர்கள் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கேட்டவர் முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்வது அவரை அடிப்பதற்குச் சமம். மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் ஒருவர் பேசாமல் இருந்தாலே போதும், அந்தப் பேச்சு அத்தோடு விழுந்துவிடும். பாவாயியைப் பெண் கேட்டு பெரக்கரை நாட்டிலிருந்து வந்தார்கள். எங்கள் அய்யன், என்னைப் பெற்றவர், உங்களுக்கு அப்பாரு, மூன்று தரமும் தரையைப் பார்த்தார். வந்தவர்கள் களி சாப்பிட்டுவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தருக்கும் மனஸ்தாபம் இல்லை.

ரைட்டருக்கு இது தெரியாது. அத்தனை வருஷமும் அவர் ஒவ்வொருத்தராகக் குறை கேட்டு எழுதியவர். கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க அவருக்கு வேலை வந்ததில்லை.

அந்த வேலையும் ஒரு நாள் வந்தது. மலைமேல் ஒரு டவுன் கட்டுவதென்று போர்டு முடிவு செய்தது. தமுக்கு அடித்துக்கொண்டு ஆள் வந்தான். பலாமரத்தில் நோட்டீஸ் ஒட்டினான். முப்பதாம் நாள் ரைட்டர் வந்து ஜனங்களின் கருத்தைக் கேட்பார் என்றான்.

சொன்னபடி வந்தார். நீலக் காகிதம் ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். வெள்ளைக் கோடுகளாக இருந்தது. ஆண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கமில்லை.

"இது கடைத்தெருவுங்க. இது சந்தை. இது ஆபீசு. இது தொரைங்க வந்தாத் தங்கற பங்களா" என்று விரலால் காட்டினார்.

எங்கள் ஊர்க்கவுண்டர் குனிந்து தேடினார். "எங்கூடு எதுங்க?"

ரைட்டர் விரல் கொஞ்சம் அலைந்தது. "இதுல ஊடு போடலீங்க. இங்க இருக்கறவங்களுக்கு வேற பக்கம் எடம் தருவாங்க."

பிறகு நோட்டீஸை ஆபீஸ் தமிழில் மூச்சு விடாமல் வாசித்தார். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. படித்தவன் நான் ஒருவன்தான். கடைசி வரி என் காதில் விழுந்தது. 'ஆட்சேபணை தெரிவிக்காதவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கொள்ளப்படும்.' விழுந்தது, புரியவும் புரிந்தது. அய்யனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் இருக்கும்போது கல்யாணமாகி ஆறு மாதமான பையன் வாயைத் திறப்பதா என்று இருந்துவிட்டேன். இவர் நம் ரைட்டர்தானே, நம்மைத் தெரிந்தவர்தானே என்றும் நினைத்தேன்.

"ஆட்சேபணை உண்டுங்களா?" என்று ரைட்டர் கேட்டார்.

பதினொரு வீட்டு ஆண்களும் தரையைப் பார்த்தார்கள். ரைட்டர் காத்திருந்தார். அவர் அவசரப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"ரெண்டாந்தரம் கேக்கறேனுங்க. ஆட்சேபணை உண்டுங்களா?"

ஒரு கோழி வந்து நீலக் காகிதத்தின்மேல் நடந்தது. ஒருவரும் விரட்டவில்லை.

"மூணாந்தரம். யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாலும் எழுதிக்கறேனுங்க."

நானும் தரையைப் பார்த்தேன்.

எழுதினார். வாசித்தார். "'மூன்று தரம் கேட்டும் ஒருவரும் ஆட்சேபணை சொல்லவில்லை.' சரிதானுங்களா?" அதற்கும் யாரும் பேசவில்லை. நோட்டை மூடினார்.

கூட்டம் கலைந்தபோது எல்லோர் முகத்திலும் சந்தோஷம். ஒரே மனசாக மறுத்துவிட்டோமே என்ற சந்தோஷம். ஊர்க்கவுண்டர் ரைட்டருக்குத் தேனும் பலாச்சுளையும் கொடுத்து அனுப்பினார். இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை சாந்தமாக ஏற்றுக்கொண்டார்களே என்று அவர் கண் கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் பாவாயி கேட்டாள். "என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு சொல்லியாச்சு" என்றார் அய்யன்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நல்லா வஞ்சு அனுப்பியிருப்பேன்."

"வையறதுக்கு என்ன இருக்குது கண்ணு? கேட்டாங்க, சொன்னம்."

பதினைந்து நாள் கழித்து, சங்கிலி போட்டு அளக்கிற ஆட்கள் நம்பர் வெட்டிய கற்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே குடையோடு ரைட்டர். ஊர்க்கவுண்டர் ஓடிப்போய் வழியை மறித்தார்.

"ஏனுங்க ரைட்டரையா, நாங்கதான் வேண்டாம்னு சொல்லிட்டமே!"

"எப்பச் சொன்னீங்க?"

"நீங்க மூணு தரம் கேட்டீங்க. மூணு தரமும் சொன்னமுங்க."

"ஒருத்தரும் வாயத் தொறக்கலீங்களே!"

"அதத்தானுங்க நானும் சொல்றேன்!"

 பிறகு ஊர்க்கவுண்டர் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, எங்கள் வழக்கத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க ரைட்டரின் கை கழுத்திலிருந்த மசிப்புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இறக்கி வைத்திருந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அது பதினாலாம் நம்பர் கல்.

"இத ஏனுங்க எனக்கு யாரும் சொல்லலே?" என்றார்.

 வழக்கமும் நோட்டீஸின் கடைசி வரியும் தெரிந்த நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அளக்கிறவர்களை அன்றைக்கு நிறுத்திவைத்துவிட்டு, வந்த வழியே இறங்கி ஓடினார். நான்காம் நாள் திரும்பி வந்தார். அவர் குடையைக் கொண்டுவராமல் வந்தது அந்த ஒருநாள்தான்.

"பிரசிடெண்டு ஐயாகிட்டச் சொன்னேனுங்க. எந்த வாய் சொல்லுச்சு, பேரச் சொல்லுன்னாரு. என்னால ஒரு பேரும் சொல்ல முடியலீங்க."

பாவாயி கூட்டத்துக்குள் புகுந்து வந்தாள். வழக்கத்தை எல்லாம் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

"எம்பேரச் சொல்லுங்க. நான் வேண்டாம்னு சொன்னேன்னு எழுதுங்க."

"நீ அன்னைக்கு அங்க இல்லியே கண்ணு."

"இப்பச் சொல்றனே. எங்கூடு வேணும். எங்க ஊத்து வேணும். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். மூணு தரமாச்சு. எழுதுங்க!"

அவர் நோட்டைத் திறந்தார். எழுதினார். வாசித்தார். சரிதானுங்களா என்றார். அவள் சரி என்றாள். பிறகு அவர் பேனா அடியில் தேதி போடுகிற இடத்தில் வந்து நின்றது.

"முப்பது நாள் முடிஞ்சு போச்சு கண்ணு. இன்னைத் தேதியில போனா எடுத்துக்க மாட்டாங்க."

"பழைய தேதியப் போடுங்க."

அவர் பேனாவை மறுபடி மசியில் தோய்த்தார்.

"பழைய தேதியப் போட்டா உங்க மசி தீந்தா போயிரும்? போடுங்க சாமி. ரெண்டு எழுத்துத்தான?"

வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். முள்ளிலிருந்து ஒரு சொட்டு மசி தாளில் விழுந்தது. அந்த நோட்டில் அவர் கறை விட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் அன்றைய தேதியையே போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பாவாயி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதையும் எழுதியிருப்பாரோ என்னவோ. திரும்பி ஊற்றுப் பக்கம் போய்விட்டாள்.

அந்த மனு எடுபடவில்லை. மழை பிடிப்பதற்கு முன் வீடுகளைப் பிரித்துக்கொண்டு இந்தச் சரிவுக்கு வந்தோம். டவுன் வரவில்லை. கடைத்தெருவுக்கென்று தோண்டியபோது ஊற்றின் கண் அடைபட்டுத் தண்ணீர் எங்கோ போய்விட்டது. வேலையாட்களுக்குக் குளிர்சுரம் வந்து பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். போர்டில் ஆட்கள் மாறினார்கள். புது ஆட்களுக்கு வேறு யோசனை. நம்பர் கற்கள்மட்டும் மிச்சம். இடம் இன்னும் போர்டு இடம்தான். ஆடு மேய்க்கலாம், குடிசை போட முடியாது.

இங்கே தண்ணீருக்குப் பாறை இறங்கி ஓடைக்குப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது பிடித்துக்கொள்ளக் கொடிக்கயிறு கட்டியிருக்கிறோம். அப்போது கயிறு இல்லை. வந்த முதல் மழைக்காலத்தில் பாவாயி நிறைகுடத்தோடு அந்தப் பாறையில் சறுக்கி விழுந்தாள். குடம் உடையவில்லை. அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கயிறு கட்டினோம்.

ரைட்டரைப் பற்றி அவ்வப்போது காதில் விழும். மற்ற வளவுகளுக்குப் போனால் இப்போதெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குகிறாராம். ஆண், பெண் எல்லோரையும் தனித்தனியே கேட்கிறாராம். பேசாதவர் வாசலில் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருக்கிறாராம். "ஆமாமுன்னாவது சொல்லுங்க, இல்லைன்னாவது சொல்லுங்க, சும்மா இருக்காதீங்க" என்று கெஞ்சுகிறாராம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் இங்கே வந்தார். வேலையை விட்டுவிட்டார்போல. நோட்டும் இல்லை, மசிப்புட்டியும் இல்லை. காதுக்கு மேலே மயிர் வெள்ளையாகவே இருந்தது. முற்றத்தில் அய்யன் கூடை முடைந்துகொண்டிருந்தார், நான் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தேன். ரைட்டர் மண்ணிலேயே உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்தப் புள்ள எங்கீங்க? பாவாயி?"

அய்யன் ஓடைப் பாறையின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் அங்கேயே பார்த்தேன். அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகப் புரிந்துகொண்டார். துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

துண்டை இறக்கிவிட்டுச் சொன்னார். "அன்னைக்கு அந்தத் தேதிய நான் மாத்திப் போட்டிருக்கோணுமுங்க. ரெண்டு எழுத்து. நெசமா இருக்கோணும், நெசமா இருக்கோணும்னே இருந்துட்டேன். என்னை மன்னிச்சுட்டோமுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அய்யன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டாந்தரம் கேக்கறேனுங்க. மன்னிச்சுட்டீங்களா?"

அய்யன் மூங்கில் சிம்பை வளைத்துக் கூடையில் செருகினார். தலை நிமிரவில்லை.

மூன்றாம் தரம் கேட்கும்போது ரைட்டர் என்னைப் பார்த்தார். கண்ணுகளா, நான் அவரை மன்னித்திருந்தேன். மன்னிக்க எனக்கு யோக்கியதை இருந்ததா என்பது வேறு. அவர் தெரியாமல் செய்ததை நான் தெரிந்தே செய்தவன். அந்தக் கடைசி வரி என் காதில் விழுந்திருந்தது. அன்றைக்கு எழுந்து "வேண்டாமுங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் அதை அப்படியே எழுதி, சரிதானுங்களா என்று கேட்டிருப்பார். இதையெல்லாம் அவரிடம் சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அய்யன் பேசாமல் இருக்கும்போது நான் எப்படிப் பேசுவது? நானும் தரையைப் பார்த்தேன்.

"புரிஞ்சுதுங்க" என்றார் ரைட்டர். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்கள் வழக்கப்படியே ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மனஸ்தாபம் காட்டாமல் இறங்கிப் போனார். அது ஓடைத் தண்ணீர். அதற்கு அடுத்த வருஷம் அவர் இறந்துபோனதாகக் காரவள்ளிச் சந்தையில் சொன்னார்கள்.

சின்னவளே, அடுத்த தரம் ஆடு ஓட்டிப் போகும்போது இந்தத் தாள்களையும் கொண்டுவா. நானும் கூட வருகிறேன். பதினாலாம் நம்பர் கல்லின்மேல் உட்கார்ந்து, விடாமல், உரக்க வாசி. முடித்ததும் என்னைப் பார்த்து, "சரிதானுங்களா?" என்று கேள். நான் வாயைத் திறந்து பதில் சொல்கிறேன்.